கண்ணுக்குத் தப்பிய தட்டுகள்

மெஸ் சாம்பாரைப் பற்றியும் ஹாஸ்டல் வார்டனைப் பற்றியும் எழுத இந்த மலரில் ஆள் நிறைய இருப்பார்கள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சென்சார்களோடு மாரடிக்கிறவன். பொழுதுபோக்கு வானம் பார்ப்பது. அதனால் ஒரு வானியல் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளும் கொஞ்சம் கவனிக்கலாம். பேர்தான் காலக்ஸி, பாதிக் கதை சிக்னலும் நாய்ஸும்தான்.

நம் பால்வீதி ஒரு தட்டு. நட்சத்திரங்களும் வாயுவும் தட்டையாகப் பரவிச் சுற்றுகின்றன. ஆண்ட்ரமீடாவும் அப்படித்தான். பிரபஞ்சம் சின்ன வயசில் இருந்தபோது இந்தத் தட்டுகள் எப்படி இருந்தன? சிறிசா, பெரிசா? பிரகாசமா, மங்கலா? வானத்தில் தூரத்தைப் பார்ப்பது என்றாலே பழசைப் பார்ப்பதுதானே, பார்த்துவிட்டால் போச்சு என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

1970-இல் ஆஸ்திரேலியாவின் கென் ஃப்ரீமன் 36 காலக்ஸிகளின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தார். நடுவிலிருந்து வெளியே போகப் போகத் தட்டின் ஒளி கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் ஆகிற மாதிரி எக்ஸ்பொனென்ஷியலாகக் குறைகிறது. அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. அந்த வளைவை நடு வரைக்கும் நீட்டிப் பார்த்ததில்தான் ஆச்சரியம்: 28 தட்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே எண். நீல ஒளியில், ஒரு சதுர ஆர்க் செகண்டுக்கு 21.65 மாக்னிட்யூட். பெரிய தட்டு, சின்னத் தட்டு எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி! "ஃப்ரீமன் விதி" என்று பேரே வந்துவிட்டது.

1976-இல் மைக் டிஸ்னி என்ற பிரிட்டிஷ்காரர் ஒரு குண்டைப் போட்டார். எவ்வளவு இருட்டான மலை உச்சிக்குப் போனாலும் இரவு வானத்துக்கு ஒரு சொந்த வெளிச்சம் உண்டு. அதே கணக்கில் சுமார் 22.5. மாக்னிட்யூட்டில் எண் கூடினால் மங்கல் என்பதால், ஃப்ரீமன் தட்டின் நடுப்பகுதியே வானத்தைப் போல இரண்டு மடங்குதான் பிரகாசம். அதைவிட மங்கலான தட்டு பின்னணியில் கரைந்துவிடும். ரொம்ப அடர்த்தியானதோ நட்சத்திரம் மாதிரிப் புள்ளியாகத் தெரியும். நடுவாந்திரம்தான் பட்டியலில் ஏறும். லேபில் சி.ஆர்.ஓ.வின் ட்ரிகர் லெவலை ஏற்றி வைத்துவிட்டு, "சின்ன பல்ஸே வரவில்லை சார்" என்று ரெக்கார்டில் எழுதினால் எப்படியோ, அப்படி.

பத்து வருஷம் கழித்து, 1986-இல், சாட்சி கிடைத்தது. கன்னிக் கொத்தின் திசையில் எடுத்த போட்டோ பிளேட்டுகளில் மிக மங்கலான ஒளியை வெளியே கொண்டுவரும் டேவிட் மாலினின் முறையில் ஒரு திட்டு தெரிந்தது. தூரத்தை அளந்தால் நூறு கோடி ஒளி ஆண்டுக்கும் அப்பால்! தட்டின் குறுக்களவு பால்வீதியைப் போலப் பல மடங்கு. அதுதான் மாலின் 1. அவ்வளவு பெரிய உருவம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ஆனாலும் டிஸ்னி பாதிதான் ஜெயித்தார் என்பேன். ஃப்ரீமன் எண்ணைவிட மிகப் பிரகாசமான தட்டுகள் நிஜமாகவே அபூர்வம்.

பக்கத்தில் இருப்பதற்கே இந்தப் பாடு. தூரத்துத் தட்டுகளுக்கு இன்னொரு வரி உண்டு. 1930-இல் ரிச்சர்ட் டோல்மன் போட்ட கணக்கு. பிரபஞ்சம் இன்றைய அளவில் பாதியாக இருந்தபோது கிளம்பிய ஒளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஃபோட்டானும் பாதி சக்தியை இழக்கிறது. ஃபோட்டான்களுக்கு இடையிலான நேரம் இரட்டிக்கிறது. படமும் நீளம், அகலம் இரண்டிலும் விரிந்து தெரிகிறது. ஆக, சதுரப் பரப்புக்கு 16 மடங்கு மங்கல். பிரபஞ்சம் கால்வாசியாக இருந்த காலம் என்றால் 256 மடங்கு. இந்தச் சல்லடையில் தங்குவது சின்னதாக, அடர்த்தியாக, பிரகாசமாக இருக்கும் தட்டுகள்தான். "அந்தக் காலத்துத் தட்டெல்லாம் சின்னது, பிரகாசமானது" என்ற பதில், நிஜமோ இல்லையோ, தானாகவே வந்து நிற்கும்.

1993 டிசம்பரில் ஹபிள் தொலைநோக்கிக்குப் பார்வை சரிசெய்த பிறகு சண்டை சூடுபிடித்தது. 1998-இல் சைமன் லில்லி குழு, பெரிய தட்டுகளின் எண்ணிக்கை அதிகம் மாறவில்லை, அன்று பிரகாசம்தான் கூடுதல் என்றது. அடுத்த வருஷமே லூக் சிமார்ட் குழு, தேர்வுச் சல்லடையைக் கழித்தால் மாற்றமே கிட்டத்தட்ட இல்லை என்றது. தீர்த்துவைத்த வழி நமக்குப் பழக்கமானது: டெஸ்ட் சிக்னல். கம்ப்யூட்டரில் போலிக் காலக்ஸிகளைச் செய்து நிஜப் படத்தில் நுழைத்து, மென்பொருள் எத்தனையைப் பிடிக்கிறது, எத்தனையைக் கோட்டை விடுகிறது என்று எண்ணினார்கள். என்னைக் கேட்டால், இந்தக் கதையின் ஹீரோ தொலைநோக்கி இல்லை, இந்த எண்ணிக்கைதான்.

அப்படித் திருத்திய பிறகும் மாற்றம் மிஞ்சியது. 2005-இல் ஜெம்ஸ் சர்வே, சுமார் 800 கோடி வருஷத்துக்கு முன் தட்டுகள் ஒரு மாக்னிட்யூட்டுக்கு மேல், அதாவது இரண்டரை மடங்காவது, பிரகாசம் என்றது. 2014-இல் வான் டெர் வெல் குழு சுமார் 30,000 காலக்ஸிகளை அளந்தது. பிரபஞ்சம் மூன்றில் ஒரு பங்காக இருந்தபோது, அதே நட்சத்திர நிறையுள்ள தட்டின் அளவு இன்றையதில் பாதிக்கும் குறைவு.

காரணம் ஓரளவு புரிந்திருக்கிறது. 1998-இல் மோ, மாவ், வைட் மூவரும் எழுதியபடி, தட்டின் அளவைச் சுற்றியுள்ள கரும்பொருளின் அளவும் சுழற்சியும் தீர்மானிக்கின்றன. பிந்தி வரும் வாயு கூடுதல் சுழற்சியோடு வந்து ஓரத்தில் உட்காருகிறது. தட்டு உள்ளிருந்து வெளியே வளர்கிறது. பிரகாசம் இறங்கியதற்குக் காரணம், சுமார் 1,000 கோடி வருஷத்துக்கு முன் உச்சத்தில் இருந்த நட்சத்திரப் பிறப்பு இன்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது.

ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2022-இல் வேலையைத் தொடங்கியதும், எதிர்பார்த்ததைவிட அதிகமான தட்டுகள் பழங்காலத்திலேயே தெரிய ஆரம்பித்தன. 2025-இல் புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றை அறிவித்தார்கள்: பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதே ஆனபோது இருந்த, அழகான சுருள் கைகளுள்ள தட்டு. பால்வீதிக்கு இந்தியில் மந்தாகினி என்று பேர். அதனால் இதற்கு அதன் சகோதரி நதியான அலக்நந்தாவின் பேரை வைத்தார்கள். முன்னால் இருக்கும் ஒரு காலக்ஸிக் கொத்தின் ஈர்ப்பு, லென்ஸாக நின்று அதைப் பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது. குறுக்களவு சுமார் 30,000 ஒளி ஆண்டுகள், பால்வீதியில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அங்கே நட்சத்திரம் பிறந்த வேகம், இன்றைய பால்வீதியைப் போலச் சுமார் 20 மடங்கு.