கல்முனைக் கரையும் வாக்குப் பெட்டியும்

பெரிய நீலாவணை தொடங்கித் தெற்கே நிந்தவூர் வரை கடலோர வீதியிற் செல்வோர், மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பதைக் காண்பர். சில சோனகர் ஊர்கள். சில தமிழர் ஊர்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் தீமிதிப்பும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றமும் இரு சாராரும் அறிந்த திருநாட்கள். தாய்வழிக் குடிமுறை இருவர்க்கும் பொது. பேசும் மொழியும் ஒன்றே. இத்தகைய கரையிலே வாக்குப் பெட்டி மாத்திரம் ஊருக்கு ஊர் வேறு கதை சொல்வதேன் என்பதை, எமது இளைஞரும் பெரியோரும் சற்று நிதானமாக ஆராய்தல் நன்று.

எப்பொழுதும் அவ்வாறு இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டுத் தேர்தலில், சிங்களம் மட்டும் என்ற கோஷம் தெற்கை ஆட்டிப் படைத்தபோது, இக்கரையில் மொழியே உறவுக் கயிறாயிற்று. தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்று அழைத்தது. அக்கட்சியின் சார்பிற் கல்முனையில் கேற் முதலியார் எம். எஸ். காரியப்பரும், பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் வெற்றியீட்டினர். இருவரும் இஸ்லாமியர். பின்னர் இருவரும் அரசாங்கப் பக்கஞ் சேர்ந்தனர். முஸ்தபா 1959இல் நிதி மந்திரியுமானார். இதனைத் துரோகம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் பாடசாலையும் பாதையும் காணியும் அரசாங்கத்தின் கையிலிருக்க, என்றும் எதிர்க்கட்சி வாங்கிலே அமர்ந்திருக்கும் கட்சியால் அம்மக்களுக்கு என்ன கொடுக்க முடிந்தது? ‘தமிழ் பேசும்’ என்ற சொல்லுக்குள் அவர்களைச் சம பங்காளிகளாக எம்மவர் இருத்தினரா? இவ்விரு வினாக்களையும் கேளாமல் அக்கட்சி மாற்றத்தை விளங்கிக்கொள்ளல் இயலாது.

இதற்கிடையே மேற்கே வேறொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. 1949இல் ஆரம்பித்த கல்லோயாத் திட்டம் ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்களை உள்நாட்டிற் குடியேற்றிற்று. 1956 ஜூனில் அங்கே தமிழர் தாக்கப்பட்டனர். 1960இல் அம்பாறை தனித் தொகுதியாய் வாக்களித்தது. 1961இல் மட்டக்களப்பினின்று பிரிந்து தனி மாவட்டமுமாயிற்று. கச்சேரி அம்பாறை நகருக்குப் போனது. அன்றிலிருந்து ஒவ்வொரு சமூகமும் தன் தலைகளை எண்ணத் தொடங்கியது. 2012 குடிசனமதிப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கு 43, சிங்களவர் 39, தமிழர் 17 அளவினர்.

எண்ணிக்கையிற் குறைந்தோருக்கும் இடங்கொடுக்க வேண்டி, 1977இல் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியாயிற்று. ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரட்ணமும் தெரிவாகினர். ஏற்பாடு பலித்தது, மனிதர் நிலைக்கவில்லை. கனகரட்ணம் அவ்வாண்டு முடிவிலேயே ஆளுங்கட்சிக்குப் போனார், 1978 ஜனவரியிற் சுடப்பட்டார், 1980இற் காலமானார். வாக்கினாற் கேட்கவேண்டிய கணக்கைத் துப்பாக்கி கேட்ட முதற் சம்பவங்களில் அதுவும் ஒன்று.

அதே 1977இற் கூட்டணி மேடைகளில் ஏறிப் பேசிய கல்முனைச் சட்டத்தரணி எம். எச். எம். அஷ்ரப், 1981இல் முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்தார். அக்கட்சி வேரூன்றக் காரணம் பேச்சு வன்மை மட்டுமன்று. 1985 ஏப்ரலிற் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. 1990 ஓகஸ்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரைத் தமிழ் ஆயுதபாணிகள் கொன்றனர். அம்மாதமே வீரமுனையில் அடைக்கலம் புகுந்த தமிழர் மடிந்தனர். அதன்பின் அண்டையூரானுக்கு வாக்களிப்பது எவ்வாறு?

தேர்தல் முறையும் இப்பிரிவினைக்கு வழி திறந்தது. விகிதாசார முறையில் ஒரு மாவட்டத்தில் எட்டிலொரு பங்கு வாக்குப் பெறாத கட்சிக்கு ஆசனமில்லை என்றிருந்ததை, 1988இன் பதினைந்தாந் திருத்தம் இருபதிலொரு பங்காகக் குறைத்தது. அஷ்ரப்பின் முயற்சி அது. 1994இல் பொதுசன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸின் ஏழும் மலையகத்தின் ஒன்றுஞ் சேர்ந்தே 225இல் 113 என்ற பெரும்பான்மை கிடைத்தது. துறைமுக மந்திரிப் பதவியும், ஒலுவிற் பல்கலைக்கழகமும் அப்பேரத்தின் பயன்கள். தனித்து நிற்பது இலாபந் தரும் என்று இக்கரை கற்ற பாடம் அதுதான்.

அப்பாடம் தமிழருக்கோ வேறுவிதமாய்க் கசந்தது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்த வேண்டுமென்பது 1989 முதலான கோரிக்கை. அதன் எல்லையையே முஸ்லிம்கள் மறுக்கின்றனர். உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளை அடுத்து, 2019 ஜூனில் விகாராதிபதி ஒருவரும் இந்துக் குருக்கள் ஒருவரும் இதற்காக ஒருங்கே உண்ணாவிரதமிருந்தனர். பௌத்த பிக்குவின் துணை எமக்கு எதற்காகக் கிடைத்தது என்று அன்று கேட்டவர் சிலரே! அக்கோபம் ஆறுமுன் 2020 தேர்தல் வந்தது. கருணா எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரன் 29,000க்கு மேற்பட்ட வாக்குகளையும், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 25,000க்கு மேற்பட்ட வாக்குகளையும் பெற்றன. இருவர்க்கும் ஆசனமில்லை. இரண்டையுங் கூட்டினால் ஓர் ஆசனம் நிச்சயம். ஏனெனில் 40,000க்குக் குறைந்த வாக்குகளுடன் தேசிய காங்கிரஸ் ஒன்றைப் பெற்றது. முடிவிற் கூட்டமைப்பின் தேசியப் பட்டியலாற் கலையரசனே பாராளுமன்றஞ் சென்றார்.

2024 நவம்பரில் மாவட்டத்தின் ஏழு ஆசனங்களில் தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று, அகில இலங்கை மக்கள் காங்கிரஸுக்கு ஒன்று. மிகுதி நான்கும் தேசிய மக்கள் சக்திக்கு. 1956இற் கல்முனையையும் பொத்துவிலையும் வென்றது ஒரே வீட்டுச் சின்னம்.