எல்லைக்கோடு பெற்றெடுத்த ஊர்: நடுநிலை மொறெஸ்னெற்றின் வரலாறும் குடித்தொகையும்

பேரரசுகளின் தோற்றத்தையும் வீழ்ச்சியையும் ஆராய்வதே வரலாற்றின் தலையாய பணி என்று கருதுவோர் பலர். ஆயின், அப்பேரரசுகள் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கைகள் ஒரு சிற்றூரின் குடிகளை எவ்வாறு தாக்கின என்பதை நோக்குமிடத்து, பெரிய நூல்களிற் புலனாகாத உண்மைகள் சில புலனாகின்றன. ஐரோப்பாவிலே, ஒல்லாந்து, பெல்ஜியம், ஜேர்மனி என்னும் மூன்று நாடுகளின் எல்லைகள் கூடும் இடத்திற்கு அண்மையில் அத்தகைய சிற்றூரொன்று உளது. இன்று கெல்மிஸ் என வழங்கும் அவ்வூர், 1816 தொடக்கம் 1920 வரை, நூற்றுநான்கு ஆண்டுகளாக, எந்த ஓர் அரசுக்கும் முழுமையாக உரித்தாகாது 'நடுநிலை மொறெஸ்னெற்' என்னும் பெயருடன் நிலவியது. அதன் பரப்பு ஏறக்குறைய மூன்றரைச் சதுர கிலோமீற்றரே. தொடக்கத்தில் அங்கு வாழ்ந்தோர் 256 பேர். இத்துணைச் சிறிய நிலத்துக்காக இரு முடியரசுகள் இணங்க மறுத்தமைக்குக் காரணம் யாது? அவ்விணக்கமின்மை அவ்வூர்க் குடிகளுக்கு ஈந்தது யாது? இவ்விரு வினாக்களும் ஆராயத்தக்கன.

எல்லை பிறந்த வரலாறு

கெல்மிஸ் கிராமத்தின் அருகே நாகக் கனிய மண் செறிந்த குன்றொன்று இருந்தது. அதனைப் 'பழைய மலை' எனப் பொருள்படும் பெயரால் ஜேர்மன் மொழியினர் ஆல்ற்றன்பேர்க் என்றும் பிரெஞ்சு மொழியினர் வியேய் மொந்தாஞ் என்றும் அழைத்தனர். செம்புடன் இக்கனிய மண்ணைச் சேர்த்து உருக்கிப் பித்தளை ஆக்கும் தொழில் அப்பகுதியில் நெடுங்காலமாக நிலவியது. ஆயின், மண்ணிலிருந்து துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுத்தல் அங்கு எளிதாக இருக்கவில்லை. ஏனைய உலோகங்கள் பல உலையில் உருகி அடியிலே தங்க, துத்தநாகமோ ஏறக்குறைய 907 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். திறந்த உலையில் அவ்வாவி காற்றுடன் கலந்து எரிந்து, வெண்பொடியாய்ப் போய்விடும். அடைத்த கலத்தில் ஆவியைக் குளிரச்செய்து உலோகமாகத் திரட்டும் முறையொன்றை லியேஜ் நகரத்தவரான ஷான் ஷாக் தொனி என்பார் வகுத்து, 1810 ஆம் ஆண்டிலே அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். அக்காலத்தில் இப்பகுதி நெப்போலியனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. சுரங்கத்தைத் தோண்டும் உரிமையும் தொனிக்கே வழங்கப்பட்டிருந்தது. எனினும் அவர் கடனில் மூழ்கி, 1819 இல் வறியவராய் இறந்தார். அவர் கண்ட முறையினாற் பிறர் பெருஞ்செல்வம் ஈட்டினர்.

நெப்போலியன் வீழ்ச்சியுற்றபின், 1814–1815 இல் நடைபெற்ற வியன்னா மாநாடு ஐரோப்பாவின் எல்லைகளைப் புதிதாக வகுத்தது. ஒல்லாந்தும் இன்றைய பெல்ஜியமும் ஒன்றிணைந்த நெதர்லாந்து முடியரசு ஒருபுறமும், பிரசிய முடியரசு மறுபுறமும் நின்றன. எல்லைக்கோடு மொறெஸ்னெற் பகுதியை அடைந்ததும் சிக்கல் எழுந்தது. துத்தநாகச் சுரங்கத்தை விட்டுக்கொடுக்க இரு மன்னரும் உடன்பட்டாரல்லர். 1816 ஆம் ஆண்டு ஜூன் 26 ஆம் நாள் ஆகன் நகரில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கை, இப்பகுதியை மூன்றாக வகுத்தது. மொறெஸ்னெற் என்னும் பெயருக்குரிய மூலக் கிராமம் நெதர்லாந்துக்குச் சென்றது. கிழக்குப் பகுதி பிரசியாவுக்குச் சென்றது. இடையே கிடந்த சுரங்கமும் கெல்மிஸ் கிராமமும் இரு அரசுகளுக்கும் பொதுவாக, இரு அரசுகளின் படைகளும் தங்கக்கூடாத நடுநிலை நிலமாக விடப்பட்டன.

இந்நிலம் ஏறக்குறைய முக்கோண வடிவினது. ஆகனிலிருந்து லியேஜ் செல்லும் பெருவீதி அதன் தென் அடிக்கோடாக அமைய, இரு நேர்கோடுகள் வடக்கே சென்று 322 மீற்றர் உயரமான வால்சர்பேர்க் குன்றிலே கூடின. ஆறும் மலைத்தொடரும் பாராது வரைபடத்தில் அளவுகோல் கொண்டு வரையப்பட்ட கோடுகள் அவை. நிலையான தீர்வு காணும்வரை இருக்கத்தக்க தற்காலிக ஏற்பாடாகவே இது கருதப்பட்டது. அத்தீர்வு வர ஒரு நூற்றாண்டு கடந்தது. 1830 இல் பெல்ஜியம் கிளர்ந்தெழுந்து தனிநாடானபோது, நெதர்லாந்து வகித்த பங்கினைப் பெல்ஜியம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் வால்சர்பேர்க் குன்றிலே மூன்று நாடுகளும் இந்நடுநிலை நிலமுமாக நான்கு எல்லைகள் கூடின.

ஆட்சிமுறை

நடுநிலை நிலத்தை இரு அரசுகளும் அனுப்பிய இரு ஆணையாளர்கள் கண்காணித்தனர். அவர்களுக்குக் கீழே ஊர்த்தலைவர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 1859 இல் பதின்மர் கொண்ட ஆலோசனைச் சபையொன்றும் அமைக்கப்பட்டது. எனினும் அச்சபையினர் நியமனம் பெற்றோரேயன்றி, மக்களால் தெரிவுசெய்யப்பட்டோர் அல்லர். புதிய சட்டம் இயற்ற எவருக்கும் தனியுரிமை இல்லாமையால், வீழ்ந்துபட்ட நெப்போலியனின் சட்டக்கோவையே அங்கு தொடர்ந்து வழங்கியது. ஊருக்கெனத் தனி நீதிமன்றம் இருக்கவில்லை. வழக்குகள் அயல் அரசுகளின் நீதிமன்றங்களுக்கே சென்றன.

இவ்வமைப்பினாற் குடிகள் பெற்ற நன்மைகளும் உள. வரி மிகக் குறைவு. அயல்நாட்டுப் பொருள்கள் சுங்கத் தீர்வையின்றி வந்தமையால் விலை மலிந்திருந்தது. தொடக்கத்தில் இங்கு வாழ்ந்தோரை எந்த அரசும் படைச்சேவைக்கு அழைக்கவில்லை. ஐரோப்பிய இளைஞரை அரசுகள் கட்டாயமாகப் படையிற் சேர்த்த அந்நாளில் இது சிறு பேறன்று.

குடித்தொகை வளர்ச்சி

இந்நிலத்தின் குடித்தொகை வரலாறு இந்நன்மைகளையும் சுரங்கத்தையும் தழுவியே செல்கின்றது. 1816 இல் 256 ஆக இருந்த மக்கள் 1858 இல் 2,572 ஆகப் பெருகினர். நாற்பத்திரண்டு ஆண்டுகளிலே பத்து மடங்கு பெருக்கம். முன்னர் ஒரு சதுர கிலோமீற்றருக்கு எழுபது பேரளவில் வாழ்ந்த நாட்டுப்புறத்தில், பின்னர் எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நெருங்கி வாழ்ந்தனர்.

1858 ஆம் ஆண்டுக் கணக்கின் உட்பிரிவு தொகையினும் மிக்க கவனத்துக்குரியது. அவ்வாண்டில் பெல்ஜியர் 852 பேர். பிரசியர் 821 பேர். ஒல்லாந்தர் 204 பேர். 'நடுநிலையர்' எனப்பட்ட பழங்குடிகளும் அவர்தம் வழித்தோன்றல்களும் 695 பேர். அஃதாவது, நூற்றுக்கு எழுபத்துமூவர் வந்தேறியோர். எஞ்சிய இருபத்தெழுவரே அந்நிலத்துக்கேயுரியோர். நடுநிலையர் தாமும் தொகையில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு பெருகியிருந்தனர். ஆயினும் தம் சொந்த ஊரிலே அவர்கள் சிறுபான்மையினராயினர். பெருகியும் சிறுத்தனர் என்பதே அவர் நிலைக்குப் பொருத்தமான சொல்லாகும்.

வந்தோரை ஈர்த்த ஆற்றல்களுள் முதன்மையானது சுரங்கம். 1837 இல் 'வியேய் மொந்தாஞ்' என்னும் பெயரிலே கூட்டுப்பங்குக் கம்பனியாக அமைந்த நிறுவனம், ஐரோப்பாவின் முன்னணித் துத்தநாக நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நகரங்களின் கூரைகளுக்குத் துத்தநாகத் தகடு வேயும் வழக்கம் பரவப் பரவக் கெல்மிஸ் சுரங்கத்தில் வேலையும் பெருகிற்று. தொழிலாளருக்கு வீடும் மருத்துவமனையும் சேமிப்பு வங்கியும் கம்பனியே அமைத்தது. அரசு செய்யவேண்டியவற்றை அரசில்லாத ஊரில் முதலாளி செய்தார். அதனாற் கம்பனியின் சொல்லே ஊரில் எடுபட்டது.

குடித்தொகை பெருகியதும் அரசுகள் விழித்துக்கொண்டன. படைச்சேவைக்கு அஞ்சி இளைஞர் இங்கு குடியேறுவதைத் தடுக்க வேண்டி, பெல்ஜியம் 1854 இலும் பிரசியா 1874 இலும் அங்கு குடியேறிய தத்தம் பிரசைகளைப் படைக்கு அழைக்கலாயின. அதன்பின் விலக்கு, 1816 ஆம் ஆண்டுக் குடிகளின் வழிவந்தோருக்கு மட்டுமே உரியதாயிற்று. இவ்வாறு ஒரே வீதியில், ஒரே சுரங்கத்தில், ஒரே கூலி பெற்று வாழ்ந்த அயலவரிடையே, பாட்டனார் பிறந்த இடம் பற்றிய வேறுபாடு சட்டத்தின் சுவராக எழுந்தது. ஒருவன் படைக்குச் சென்றான். அடுத்த வீட்டான் செல்லவில்லை. அச்செல்லாதவனோ, தன்னைக் காக்கும் கடப்பாடுடைய அரசு ஒன்றும் இல்லாதவன். எந்தப் பாராளுமன்றத்துக்கும் வாக்களிக்கும் உரிமை இல்லாதவன். விலக்கும் விடுபாடும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாய் அமைந்தன.

சுரங்கம் வற்றிய பின்

1885 இல் கெல்மிஸ் சுரங்கம் வற்றியது. எந்தப் பொருளுக்காக நடுநிலை நிலம் வகுக்கப்பட்டதோ அப்பொருள் தீர்ந்தது. நடுநிலை நிலம் மட்டும் எஞ்சியது. அதன்பின் அவ்வூரார் தம் ஊருக்கு வேறொரு பொருள் காண முயன்ற வரலாறு சுவை மிக்கது. கம்பனியின் தலைமை மருத்துவரான வில்லெம் மொல்லி என்பவர் இம்முயற்சிகளில் முன்னின்றார். 1886 இல் அவரும் பிறரும் தனி அஞ்சற் சேவை தொடங்கி முத்திரைகள் வெளியிட்டனர்; அயல் அரசின் தலையீட்டால் அது விரைவில் நின்றது. பெல்ஜியத்தில் சூதாட்டம் தடைசெய்யப்பட்டதும், 1903 இல் இங்கு சூதாட்ட மண்டபமொன்று திறக்கப்பட்டது, அதுவும் நிலைக்கவில்லை. 1908 இல் மொல்லியும் அவருடன் சேர்ந்தோரும், சமெனோவ் என்பார் 1887 இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ என்னும் பொதுமொழியை ஆட்சிமொழியாகக் கொண்ட அரசொன்றை இங்கு நிறுவ முனைந்தனர். அதற்கு 'அமிக்கேயோ', நட்பின் இடம், எனப் பெயரிட்டனர். மூன்று நாடுகள் தத்தம் மொழிகளுடன் சூழ்ந்துநின்ற ஓர் ஊரிலே இவ்வெண்ணம் தோன்றியது இயல்பே. ஆயின் எந்த அரசும் அதனை ஏற்கவில்லை.

1914 ஆகஸ்டு 4 ஆம் நாள் ஜேர்மன் படைகள் பெல்ஜியத்தினுட் புகுந்தன. 1915 இல் நடுநிலை நிலம் பிரசியாவுடன் இணைக்கப்பட்டது. போரில் ஜேர்மனி தோற்றபின், 1919 ஆம் ஆண்டு வேர்சேய் உடன்படிக்கையின் 32 ஆம் பிரிவு இந்நிலத்தைப் பெல்ஜியத்துக்கு உரியதாக்கியது. 1920 ஜனவரி 10 ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அடுத்த பிரிவின்படி, அயலிலிருந்த பிரசிய மொறெஸ்னெற், பெல்ஜியக் காடுகள் அழிக்கப்பட்டமைக்குரிய ஈட்டின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்டது. மரத்துக்கு ஈடாக மக்கள் கைமாறினர். அருகிலுள்ள எயுப்பன், மல்மெடி மாவட்டங்களின் மக்களுக்கு எதிர்ப்பைப் பதிவுசெய்யும் வாய்ப்பேனும் அவ்வுடன்படிக்கையில் வழங்கப்பட்டது. நடுநிலை மொறெஸ்னெற்றுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் சொல்லப்படவில்லை.

1940 இல் இட்லர் இப்பகுதியை மீண்டும் ஜேர்மனியுடன் இணைத்தார். ஒருகாலத்திற் படைச்சேவை அறியாதிருந்த ஊரின் மைந்தர் ஜேர்மன் படையிற் சேர்க்கப்பட்டனர். 1944 இல் ஊர் மீட்கப்பட்டுப் பெல்ஜியத்துடன் சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு நடுநிலையராய்ப் பிறந்த ஒருவர், தம் வீட்டு வாயிலைவிட்டு அகலாமலே, நடுநிலை நிலம், பிரசியா, பெல்ஜியம், ஜேர்மனி, மீண்டும் பெல்ஜியம் என நான்கு முறை ஆட்சி மாறக் கண்டிருப்பார்.

முடிவுரை

1977 இல் கெல்மிஸ், அயற்கிராமங்களான நொய் மொறெஸ்னெற், ஹெர்கென்றாத் என்பவற்றுடன் ஒரே உள்ளூராட்சிப் பிரிவாக இணைந்தது. இன்று அப்பிரிவில் வாழ்வோர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். பெல்ஜியத்தின் ஜேர்மன் மொழிச் சமுதாயத்தைச் சார்ந்த அவர்கள், தம் பிரதிநிதிகளைத் தாமே தெரிவுசெய்கின்றனர். பழைய எல்லையை உணர்த்தும் கற்களுட் பல இன்றும் காடுகளிலும் வயலோரங்களிலும் நிற்கின்றன.

எல்லைகள் மக்களைப் பிரிக்கின்றன என்பர். நடுநிலை மொறெஸ்னெற்றில் எல்லை மக்களைப் பிரிக்குமுன் மக்களைப் பெருக்கியது. 256 பேர் கொண்ட கிராமத்தை ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊராக ஆக்கியது. ஆயின் அவ்வெல்லை துத்தநாகத்துக்காக வரையப்பட்டதேயன்றி மக்களுக்காக வரையப்பட்டதன்று. 1816 இலும், 1915 இலும், 1920 இலும், 1940 இலும் அவர்களுடைய ஊர் எவருக்கு உரியது என்பதைப் பிறரே முடிவுசெய்தனர். குறைந்த வரியும் மலிந்த விலையும் ஒரு சமுதாயத்தை வளர்க்க வல்லன. தன் விதியைத் தானே உரைக்கும் உரிமைக்கு அவை ஈடாகமாட்டா என்பதே அச்சிற்றூரின் நூற்றுநான்கு ஆண்டு வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.