வெளியார் யார்? சட்டனூகா வாக்கெடுப்புகளும் மாநில அரசின் சலுகையும்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், சட்டனூகா நகரிலுள்ள ஃபோக்ஸ்வேகன் ஆலையில் 2014 பிப்ரவரியில் நடந்த வாக்கெடுப்பில், ஐக்கிய மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆதரவாக 626 வாக்குகளும் எதிராக 712 வாக்குகளும் விழுந்தன. நிர்வாகம் எதிர்க்காத சங்கம் தோற்றது என்பதுதான் வியப்பு. ஜெர்மன் ஆலைகளில் உள்ளதுபோல் இங்கும் சங்கத்தின் வழியே ஒரு தொழிலாளர் குழு அமைய வேண்டும் என்று நிறுவனமே விரும்பியது. நடுநிலை காப்பதாக ஒப்பந்தமும் செய்திருந்தது. எதிர்ப்பு அரசியல்வாதிகளிடமிருந்து வந்தது. அதைப் பிரசாரமாக மட்டும் பார்க்கும் விளக்கம் எனக்குப் போதுமானதாகப் படவில்லை. அவர்கள் பேச்சுக்கு வலுவூட்டியது மாநிலத்தின் கருவூலம்.

வாக்குப்பதிவு தொடங்கிய நாளில் செனட்டர் பாப் கார்க்கர், முன்பு அந்நகரின் மேயராக இருந்தவர், ஓர் அறிவிப்பு விடுத்தார்: சங்கத்தை நிராகரித்தால் புதிய எஸ்யூவி சட்டனூகாவில்தான் தயாராகும் என்று தமக்கு உறுதி கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஆலைத் தலைவர் ஃபிராங்க் ஃபிஷர் மறுத்தார். சங்கம் வென்றால் ஆலைக்கான அடுத்த சலுகை சட்டமன்றத்தில் நிறைவேறுவது கடினம் என்று மாநில செனட்டர் போ வாட்சன் எச்சரித்திருந்தார். ஏப்ரலில் கசிந்த ஆவணங்கள் இன்னும் வெளிப்படையானவை: ஆளுநர் பில் ஹாஸ்லமின் அரசு முன்வைத்த சுமார் 30 கோடி டாலர் சலுகைக்கு, தொழிலாளர் குழு பற்றிய பேச்சுவார்த்தை மாநிலத்துக்குத் திருப்தியாக முடிய வேண்டும் என்பது நிபந்தனை.

இதே மிரட்டலை முதலாளி விடுத்திருந்தால் அது சட்டமீறல். மூன்றாம் தரப்பு என்றால் அளவுகோல் தளர்ந்துவிடுகிறது. சுதந்திரமாகத் தேர்வு செய்யவே முடியாத அளவுக்கு அச்சம் நிலவியது என்று காட்டியாக வேண்டும். சங்கம் தொழிலாளர் உறவு வாரியத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்து, பிறகு தானே திரும்பப் பெற்றது. ஆலையின் முதலீட்டில் பங்கு போடும் அரசை மூன்றாம் தரப்பு என்று கருதும் இந்த அணுகுமுறையே கோளாறானது.

தோல்விக்குச் சங்கமும் பொறுப்பு. போட்டி நிறுவனங்களைவிட ஃபோக்ஸ்வேகனுக்குள்ள செலவுச் சாதகத்தைக் காப்பதாக அது ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருந்தது. கூலி உயரும் என்று நம்பியவருக்கு அது எப்படி இனிக்கும்?

2019இல் ஆளுநர் பில் லீ ஆலைக்குள்ளேயே வந்து தொழிலாளரிடம் பேசினார். சங்கம் 776க்கு 833 என்று மீண்டும் தோற்றது. 2024 ஏப்ரலில் ஆறு மாநில ஆளுநர்கள் சங்கத்துக்கு எதிராகக் கூட்டறிக்கை விட்டும், 2,628 பேர் சங்கத்தை ஆதரித்தார்கள், எதிர்த்தவர் 985. அதற்கு முந்தைய ஆண்டு டெட்ராய்ட் கார் நிறுவனங்களில் இதே சங்கத்தின் வேலைநிறுத்தம் 25 விழுக்காடு ஊதிய உயர்வைப் பெற்றுத் தந்திருந்தது. சட்டனூகாவில் மின்வாகன உற்பத்தியும் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. 2014போல் ஆசைகாட்டப் புதிய வாகனத் திட்டம் எதுவும் அரசியல்வாதிகள் கையில் இல்லை. அடுத்த மாதமே அலபாமாவின் மெர்சிடீஸ் ஆலையில் 2,045க்கு 2,642 என்று சங்கம் தோற்றது. அங்கே நிர்வாகமும் களத்தில் இறங்கியிருந்தது. ஆக, அரசியல் எதிர்ப்பு தனியே வெல்வதில்லை. நிறுவனத்தின் ஒத்துழைப்போ, தீர்மானமாகாத முதலீடோ அதற்குத் துணை வேண்டும்.

இதை அந்த மாநிலங்கள் உணர்ந்தே இருக்கின்றன. டென்னசி 2023லும், ஜார்ஜியாவும் அலபாமாவும் 2024லும் சட்டம் இயற்றின: இரகசிய வாக்கெடுப்பின்றித் தானாக முன்வந்து ஒரு சங்கத்தை அங்கீகரிக்கும் நிறுவனம் மாநிலச் சலுகைக்கான தகுதியை இழக்கும்.