வேரும் பேரும்

பொரளையிலிருந்து இராசகிரிய நோக்கிச் செல்லும் கொட்டா வீதியில் அரசினரின் ஆயுர்வேதப் போதனா வைத்தியசாலை இருக்கின்றது. 1929ஆம் ஆண்டில் பொரளையில் நிறுவப்பெற்ற சுதேச வைத்தியக் கல்லூரியின் வரலாற்றோடு பிணைந்தது இது. அந்த ஆண்டின் பொருளை உணரவேண்டுமாயின், கொழும்பில் மேனாட்டு மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அதன்பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்தே, இந்நாட்டு மக்களிற் பெரும்பாலார் நம்பி வாழ்ந்த வைத்தியத்தைக் கற்பிக்க அரசு ஒரு கல்லூரியை ஏற்படுத்தியது. ஆயுர்வேதம், சித்தம், யூனானி என்னும் மூன்றும் ஆங்கு இடம்பெற்றன. 1941இல் சுதேச வைத்தியக் கட்டளைச் சட்டமும், 1961இல் ஆயுர்வேதச் சட்டமும் நிறைவேறின. 1977இல் அக்கல்லூரி கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நிறுவகமாயிற்று.

அந்நியராட்சியில் ஒதுக்கப்பட்டுக் கிடந்த வைத்தியன் இவ்வாறு அங்கீகாரம் பெற்றான். தேசிய விழிப்பின் வெற்றிகளுள் இதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் வைத்தியனுக்கு வேரும் கொடியும் கொணர்ந்து கொடுத்தவன் நிலை என்ன என்னும் வினா இன்றும் எஞ்சியே நிற்கின்றது. ஒரே ஒரு மூலிகையின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

தென்னிலங்கையின் ஈரவலயக் காடுகளிலும் தென்னிந்தியாவிலும் படரும் மரக்கொடி ஒன்றைச் சிங்கள மக்கள் கொத்தல ஹிம்புட்டு என்பர். தமிழில் அதனைப் பொன்கொறண்டி என வழங்குவர். நீரிழிவு நோய்க்கு அதன் வேரும் தண்டும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அதன் கட்டையைக் குடைந்து குவளையாக்கி, இரவில் அதில் நீரூற்றி வைத்து, நிறம் மாறிய அந்நீரைக் காலையிற் பருகுவது வழக்கம். இம்முறையை முதன்முதற் கண்டவர் யாரென்பதற்குக் கல்வெட்டில்லை, ஏடுமில்லை. தலைமுறை தலைமுறையாக உழைக்கும் மக்கள் பார்த்தும் பரிசோதித்தும் பெற்ற அறிவு அது.

இனி, இத்தகைய அறிவு ஏட்டிலேறிய விதத்தைக் காண்போம். 1672இல் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராகக் கொழும்புக்கு வந்த போல் ஹேர்மன் என்பார் ஐந்தாண்டுக் காலம் இங்கே தாவரங்களைச் சேகரித்தார். அவர் இறந்தபின் 1717இல் வெளியான நூலிலே செடிகளின் சிங்களப் பெயர்களும் இடம்பெற்றன. அச்சேகரிப்பைக் கொண்டே லின்னேயசு 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை எழுதினார். செடிகளைக் காட்டி, அவற்றின் பெயரைச் சொல்லிக் கொடுத்த இந்நாட்டார் யாவர் என்பதை வரலாறு பேணவில்லை. பொன்கொறண்டி சார்ந்த தாவர இனத்துக்கு லின்னேயசு இட்ட பெயர் சலேசியா. அது உரோமரின் கடற்றெய்வம் ஒன்றின் பெயர். இக்கொடிக்குரிய முழுப்பெயரைச் சூட்டியவர் சென்னையிற் பணிபுரிந்த கிழக்கிந்தியக் கம்பனி வைத்தியர் இராபர்ட் வைட். காட்டிலே அதனை அகழ்ந்தெடுத்தவனின் பெயரோ எந்த நூலிலும் ஏறவில்லை.

இதனை அந்நியரின் குற்றமென்று மட்டும் சொல்லி அமைதல் நேர்மையாகாது. யாழ்ப்பாணத்து மன்னர் காலத்தெழுந்த நம் வைத்திய நூல்கள் பரராசசேகரம், செகராசசேகரம் என்று அரசரின் பட்டப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன. உழைத்தவன் பெயரை மறைத்து உடையவன் பெயரை நிறுத்துவது வர்க்க சமுதாயத்தின் இயல்பு. அதற்குச் சுதேசி, விதேசி என்னும் வேற்றுமையில்லை.

நம் காலத்தில் இவ்வழக்கம் புதிய வடிவம் எடுத்துள்ளது. இலங்கைப் பொன்கொறண்டியிலிருந்து சலசினோல் என்னும் பொருளை யப்பானின் கியோட்டோ மருந்தியற் பல்கலைக்கழக அறிஞர் 1997இற் பிரித்தெடுத்தனர். உணவிலுள்ள மாப்பொருளைக் குடலிலே வெல்லமாகச் சிதைக்கும் நொதியத்தை அது தடைசெய்கின்றது. அதனால் இரத்தத்தில் வெல்லம் ஏறும் வேகம் குறைகின்றது. இக்கொடி சேர்ந்த தேநீரை 51 நோயாளருக்குக் கொடுத்து இலங்கையில் நடாத்திய ஆய்வொன்றும் 2005இல் நற்பயனைக் காட்டியது. இவற்றை நாம் வரவேற்கின்றோம். மரபு என்பதற்காகவே ஒன்றை நம்புவது பகுத்தறிவாகாது. சோதனையில் தேறுவதே மருந்து. சிறிய ஆய்வொன்றை நம்பி நோயாளர் தம் மருந்தைக் கைவிடுதலும் தகாது.

ஆனால் ஆய்வு வேறு, உடைமை வேறு. 2002இல் யப்பானிய நிறுவனம் ஒன்று இச்செடியின் சேர்வையொன்றுக்கு ஐக்கிய அமெரிக்காவில் ஆக்கவுரிமை பெற்றது. பிரித்தெடுத்த பொருளுக்கு உரிமையாளர் உண்டு; அதனைத் தேடுதற்கு வழிகாட்டிய அறிவுக்கு உரிமையாளர் இல்லை! 1995இல் மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்று பெற்ற ஆக்கவுரிமையை, இந்திய விஞ்ஞான ஆய்வு மன்றம் பழைய ஏடுகளைச் சான்று காட்டி 1997இல் நீக்குவித்தது. ஏடு இருந்தமையால் மஞ்சள் தப்பியது. வாய்மொழியாக மட்டும் வாழும் அறிவுக்கு யார் சான்று பகர்வர்?

வேறு வழி இல்லாமலில்லை. அகத்தியமலைக் காணி மக்கள் 1987இல் ஆய்வாளருக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து கேரளத்துத் தாவரவியற் பூங்கா ஆய்வகம் ஜீவனி என்னும் மருந்தை ஆக்கியது. அதன் உரிமத் தொகையிற் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1997இல் அவர்தம் பேரால் ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. வனத்துறையின் கட்டுப்பாடுகளால் செடியைப் பயிரிட்டு விற்கும் வழி அம்மக்களுக்குச் செவ்வனே திறக்கவில்லை. எனினும், அறிவுக்கு உரியவர் உண்டு என்னும் கொள்கை அங்கே ஏற்கப்பட்டது. 1992இன் உயிரினப் பல்வகைமை உடன்படிக்கையும் இதையே கூறுகின்றது. இலங்கை 1994இல் அதனை ஏற்று உறுதிசெய்தது.

காலம் தாழ்த்தற்கு இடமில்லை. பொன்கொறண்டி விரைந்து வளரும் செடியன்று. வேரை அகழ்ந்தால் கொடியே மடிகின்றது. நீரிழிவு பெருகப் பெருகத் தேவை ஏறுகின்றது, காடு சுருங்குகின்றது. காட்டோரத்து ஏழைக்கு அன்றாடக் கூலியும், இடைத்தரகனுக்கு இலாபமுமாக இவ்வணிகம் நடக்குமாயின், செடியும் அழியும்; அதை அறிந்தவனும் வறியவனாகவே மடிவான்.

1929இல் பொரளையில் வைத்தியனுக்கு இடம் கிடைத்தது. மூலிகை சேர்ப்போரின் கூட்டுறவுகளும், அவர்களே பயிரிடும் தோட்டங்களும், ஆக்கவுரிமையில் அவர்களுக்குரிய பங்கும் இன்னும் கிடைத்தபாடில்லை. அவற்றைக் கேட்பதற்கு முன்னர் செய்யத்தக்க பணியொன்று ஆசிரியர், மாணவர் கையில் உள்ளது. தத்தம் ஊரிலே மூலிகையறிந்த முதியவரிடம் சென்று, செடியின் தமிழ், சிங்களப் பெயர்களையும், பயன்படுத்தும் முறையையும், சொன்னவரின் இசைவோடு அவர் பெயரையும் எழுதி வைப்போமாக. இனி எழுதப்படும் ஏட்டிலேனும் வேரின் பக்கத்தில் அவர்தம் பேரும் இருக்கட்டும்.