குதிரும் உலையும்

ஈப்போ நகருக்கு வடமேற்கே, கிளேடாங் மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது எங்கள் ஊராகிய ஜெலாப்பாங். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு நெற்களஞ்சியம் என்பது பொருள். கெடா மாநிலத்தை நாட்டின் ஜெலாப்பாங் என்று மலாய் மக்கள் பெருமையுடன் அழைப்பது அங்கு விளையும் நெல்லைக் கருதியே. எங்கள் வட்டாரத்தின் செல்வமோ நெல்லன்று. ஈயமும் ரப்பருமே ஆகும். எனினும் பேருந்தின் நெற்றிப் பலகையில் இப்பெயரைக் காணுந்தோறும் என் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. தமிழன் இந்நாட்டில் நூறாண்டுக்கு மேலாக உழைத்தானே, அவனுடைய களஞ்சியம் எங்கே? அதை நிரப்பியவர் யார்? பூட்டியவர் யார்? திறவுகோல் எவரிடம் இருந்தது?

நான் தோட்ட ஆபீசில் சம்பளக் கணக்கு எழுதும் கிராணி. மாதந்தோறும் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே ஊழியர் சேமநிதிக்கு இவ்வளவு எனப் பிடித்தம் எழுதுவது என் வேலை. ‘ஐயா, அந்தப் பணத்தை இப்போதே கொடுத்தால் என்ன?’ என்று கேட்பார் உளர். ‘இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தால் என்ன?’ என்று கேட்பாரும் உளர். இருவர் கேள்வியும் நியாயமானதே. இரண்டுக்கும் விடையை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

முதலில் கங்காணி காலத்தைப் பார்ப்போம். ஊரிலிருந்து ஆட்களைத் திரட்டி வந்த கங்காணிக்கு, அவர்கள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு கிடைத்தது. தொழிலாளிக்கோ முன்பணம் என்ற பெயரில் கடன் கிடைத்தது. 1907 இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டு, முதலாளிமாரிடம் வசூலித்த பணத்தைக் கொண்டு பயணச் செலவைக் கொடுக்கத் தொடங்கிய பின்னரே அந்தக் கடன் சுமை ஒருவாறு தளர்ந்தது. எனினும் கடைப் பற்று ஒழியவில்லை; கள்ளுக்கடையும் ஒழியவில்லை. அன்றைய தொழிலாளி சேமித்தது ஊருக்கு அனுப்பிய மணியார்டரும், மனைவியின் காதிலும் மூக்கிலும் கிடந்த பொட்டுத் தங்கமுமே.

அவன் குடியிருந்த லயம் அவனுடையதன்று. வேலை உள்ளவரை வீடு. வேலை போனால் வீடும் போயிற்று. 1930 ஐ ஒட்டி ரப்பர் விலை வீழ்ந்தபோது பல்லாயிரம் தமிழர் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் பல்லாண்டு வாழ்ந்த இடத்தில் அவர்களுக்கென்று ஒரு பிடி மண்ணும் இல்லை. 1938 இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆளனுப்புவதைத் தடுத்த பிறகு, இங்கிருந்தோர் இங்கேயே நிலைக்கலாயினர். நிலைத்தவர்க்கு முதுமை வரும். முதுமைக்கு வீடு வேண்டும். இதை அன்று எண்ணியவர் சிலரே.

நிற்க. 1951 இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் பிறந்தது. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி 1955 இலும், இலங்கையின் ஊழியர் சேமலாப நிதி 1958 இலும் ஏற்பட்டன என்பதை நோக்க, இத்துறையில் மலாயா முந்திக்கொண்டது விளங்கும். தொடக்கத்தில் தொழிலாளி 100க்கு 5, முதலாளி 100க்கு 5 செலுத்தினர். முதல் சில ஆண்டுகளில் கிடைத்த இலாபப் பங்கு 100க்கு 2½ மட்டுமே. இன்று தொழிலாளி 11 செலுத்துகிறார். 5,000 வெள்ளிக்கு மேற்படாத சம்பளத்துக்கு முதலாளி 13 செலுத்துகிறார். கேட்டுப் பெறாமலே கையில் தங்கும் பணம் தமிழ்த் தொழிலாளிக்கு முதன்முதலாகக் கிடைத்தது இதனால்தான். இதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆயின் அதிலும் ஒரு குறை இருந்தது. சேமநிதி 55 வயதில் பணத்தைக் கொடுத்தது. அதே வயதில் தோட்டம் வீட்டைக் கேட்டது. ஆக, முப்பதாண்டு சேர்த்தது ஒரு கையில் வந்த அன்றே மறு கையிலிருந்த கூரை பறிபோயிற்று. என் தந்தையார் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். அவர் சேமநிதிப் பணம் வந்த ஆண்டில் லயத்தைக் காலி செய்யும்படி கடிதமும் வந்தது. ஜெலாப்பாங்கில் ஒரு சிறு அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமும், என் தமக்கையின் விவாகமும் சேர்ந்து அத்தொகையைப் பத்தே மாதத்தில் விழுங்கின. ஊதாரித்தனம் என்று அவரை எவரும் பழிக்க முடியாது. கூரையும் மகளின் வாழ்வும் ஊதாரிச் செலவா? குதிரின் வாயை முப்பதாண்டு இறுக மூடி வைத்து ஒரே நாளில் உடைத்துக் கொட்டினால் வேறென்ன ஆகும்?

இந்த ஆபத்தை முன்னரே கண்டவர் ஒருவர் நம் பேராக் மாநிலத்திலேயே இருந்தார். சுங்கை சிப்புட்டில் 1919 இல் பிறந்த வீ. தி. சம்பந்தன் அவர்களே அவர். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டன. வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். ஒரு துண்டு நிலம் வாங்கியவனுக்கு லயமும் ஆஸ்பத்திரியும் பள்ளியும் நடத்தும் கடமை உண்டா? தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் நின்றன. 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அசீஸ் தனியே ஆராய்ந்து எழுதும் அளவுக்கு அது பெருந்துன்பமாயிற்று. 1960 இல் சம்பந்தனார் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு ஒன்று 100 வெள்ளி. அதையும் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். அமைச்சராயிருந்தவர் தோட்டந்தோட்டமாகச் சென்று, லயத்து முற்றத்தில் நின்று கேட்டார். அடுத்த ஆண்டிலேயே கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று. துண்டாடல் முழுவதையும் சங்கம் தடுத்துவிடவில்லை. தடுக்க ஒரு சங்கத்தால் இயலவும் இயலாது. எனினும் அது கற்பித்த பாடம் பெரிது. 55 வயதுக்கென்று பணத்தைப் பூட்டி வைத்தல் மட்டும் சேமிப்பன்று. இன்று நிற்கும் கூரையை நாளையும் நிற்கச் செய்வதும் சேமிப்பே.

இங்கே நம் பெண்மணிகள் நடத்திய இன்னொரு களஞ்சியத்தையும் மறத்தலாகாது. அதுதான் கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட்டு, மாதம் ஒருவர் முழுத்தொகையையும் எடுத்துக்கொள்வது. பிரசவம், பள்ளிச் சீருடை, தீபாவளி, தையல் மெஷின் எல்லாம் அதனால் நடந்தன. இத்தமிழ்ச் சொல்லே மலாய் மொழியில் ‘கூத்து’ என்று வழங்கலாயிற்று. 1971 இல் கூட்டு நிதிகளைத் தடை செய்யும் சட்டம் வந்ததெனில், அதை வியாபாரமாக்கி ஏழைகளை மோசம் செய்தோர் எத்துணை பெருகியிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்! சேமநிதி முதுமைக்கு இருந்தது, நடுவயதுக்கு ஒன்றும் இல்லை. அந்த வெறுமையில்தான் கூட்டும், வட்டிக்காரனும் புகுந்தனர்.

வீட்டுக்காகச் சேமநிதியைத் திறந்துவிடும் எண்ணம் சிங்கப்பூரில் 1968 இலேயே செயலுக்கு வந்தது. மக்கள் வீட்டுக்காரராயினர். ஆனால் பணமெல்லாம் சுவரில் ஏறிவிட, முதுமைக்குச் சோறு வேண்டுமே என்ற கவலையும் அதனுடன் வந்தது. 1987 இல் ஒரு குறைந்தபட்சத் தொகையை ஒதுக்கி வைத்தே தீர வேண்டும் என்ற விதியை அங்கே கொண்டு வந்தனர். நம் நாட்டிலும் பிற்காலத்தில் வீடு வாங்குவதற்குச் சேமநிதியிலிருந்து எடுக்க வழி ஏற்பட்டது. 1994 இல் உறுப்பினர் கணக்கை 60, 30, 10 என மூன்றாகப் பிரித்தனர்: முதுமைக்கு ஒன்று, வீடு முதலியவற்றுக்கு ஒன்று, நோய்க்கு ஒன்று. 2007 இல் அது 70, 30 என இரண்டாயிற்று.

பின்னர் 2020 இல் கொரோனா நோய் வந்தது. வேலையில்லை, வெளியே போக வழியில்லை. அவ்வாண்டு முதல் 2022 வரை நான்கு தடவை சேமநிதியின் வாய் அகலத் திறக்கப்பட்டது. 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எடுத்த தொகை ஏறத்தாழ 14,500 கோடி வெள்ளி. அப்பணம் பல குடும்பங்களின் உயிரைக் காத்தது. அதை எடுத்தவர்களைக் குறை கூறுவது மனிதத் தன்மையாகாது. ஆனால் முதுமைக்கென வைத்தது கரைந்ததும் உண்மை. 55 வயதில் ஒருவர் கணக்கில் இருக்கத்தக்க அடிப்படைத் தொகை 2,40,000 வெள்ளி என்று 2019 இல் குறித்திருந்தனர். மாதம் 1,000 வெள்ளியாக இருபதாண்டு உண்பதற்கான கணக்கு அது. அத்தொகையைக் கண்ணால் காணாத தொழிலாளர் நம்மில் எத்தனை பேர்!

2024 மே 11 முதல் 55 வயதுக்கு உட்பட்டோரின் புதிய சந்தா மீண்டும் மூன்றாகப் பிரிகிறது. 100க்கு 75 ஓய்வுக்கு. 15 வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு. 10 எப்போது வேண்டுமாயினும் எடுத்துக்கொள்ள. எழுபதாண்டு அனுபவத்தின் பின் சட்டம் கண்டறிந்த இவ்வுண்மையை நம் பாட்டனார் தம் களத்துமேட்டிலேயே அறிந்திருந்தார் அல்லவா? விதைநெல்லை வைக்கோலால் கோட்டை கட்டித் தனியே வைத்தார். அதில் கை வைக்க மாட்டார். ஆண்டுச் சோற்றுக்கான நெல்லைக் குதிரில் கொட்டினார். அக்குதிரின் அடியில் ஒரு துளை விட்டுத் துணியால் அடைத்தார்; அன்றன்றைய உலைக்கு வேண்டியது அவ்வழியே வந்தது. குதிரை உடைக்கவும் இல்லை, உலையைக் காயப் போடவும் இல்லை.

இவ்வளவு அறிந்தும் நான் தவறினேன். என் முப்பதாம் வயதுக்குப் பின் வீட்டுக் கடன் வாங்கினேன். தந்தையாருக்கு நேர்ந்தது எனக்கு நேரக்கூடாது என்ற வெறியில், கிடைத்த போனஸ், மேல்நேரக் கூலி அனைத்தையும் கடனிலேயே கொட்டினேன். பத்திரிகையை நிறுத்தினேன்; உறவினர் வீட்டுக்குச் செல்வதை நிறுத்தினேன். மகளுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று மனைவி இருமுறை சொன்னதை, ‘அடுத்த மாதம் ஆகட்டும்’ என்று தள்ளினேன். ஆறு மாதம் கழித்து, கரும்பலகையில் எழுதுவது பிள்ளைக்குத் தெரியவில்லை என்று ஆசிரியை சொல்லி அனுப்பினார். ஒரு மூக்குக் கண்ணாடியின் விலையை மிச்சப்படுத்தி அரை ஆண்டுக் கல்வியை இழந்தேன். இதற்கு வங்கியும் காரணமன்று, விதியும் காரணமன்று, நானே காரணம்.

எனினும் கடனை அலட்சியம் செய்க என்பதும் என் கருத்தன்று. கணக்கைக் கேளுங்கள். 2,00,000 வெள்ளிக் கடன், ஆண்டுக்கு 100க்கு 4 வட்டி, 35 ஆண்டுத் தவணை என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 886 வெள்ளி. முதல் மாதத்தில் அதில் 667 வெள்ளி வட்டிக்கே போகும். அசலில் கழிவது 219 வெள்ளிதான். கட்டி முடிக்கையில் செலுத்தியிருப்பது சுமார் 3,72,000 வெள்ளி. இதே கடன் 25 ஆண்டுத் தவணையாயின் மாதம் 1,056 வெள்ளி, மொத்தம் சுமார் 3,17,000 வெள்ளி. வீட்டுக் கடனுக்கு 35 ஆண்டே உச்ச வரம்பு என்று மத்திய வங்கி 2013 இல் விதித்தது. 35 வயதில் அத்தவணைக்கு ஒப்பமிடுபவன் 70 வயதில்தான் விடுபடுவான். சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயதோ 60. அவ்வயதில் சம்பளம் நிற்கும். கடனில் ஏறத்தாழ 87,000 வெள்ளி நிற்கும். அதைச் சேமநிதியிலிருந்து எடுத்துக் கட்டினால் முதுமையின் சோற்றில் பல ஆண்டு குறையும்.

ஆகவே நான் கற்றது இது. முதலாவது, சம்பளம் நிற்குமுன் கடன் முடிய வேண்டும். அதற்கேற்ற விலையில்தான் வீடு பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டானின் மாடியைப் பார்த்துத் தவணை எழுதலாகாது. இரண்டாவது, ஓய்வுக் கணக்கை விதைநெல்லாக எண்ண வேண்டும். மூன்றாவது, மருந்து, பிள்ளையின் படிப்பு, மாதம் ஒரு நாளேனும் குடும்பத்தோடு சிரித்திருக்கும் செலவு ஆகியவற்றை மிச்சத்தில் பார்ப்போம் என்று விடாமல், மாதத் தொடக்கத்திலேயே ஒதுக்க வேண்டும். மிச்சம் என்பது ஏழையின் வீட்டுக்கு வருவதே இல்லை.

குறைந்தபட்சச் சம்பளமாகிய 1,700 வெள்ளியில் இவை யாவும் அடங்குமா என்று கேட்பீர்கள். அடங்கா. மேற்சொன்ன 886 வெள்ளித் தவணையே அதில் பாதிக்கு மேல் என்பதைக் கணக்கறிந்த எவரும் மறுக்க முடியாது. சிக்கனப் பிரசங்கம் செய்வோர் இதை முதலில் உணர வேண்டும். இல்லாதவனிடம் போய்ச் சேமி என்பது, உலையே ஏறாத வீட்டில் குதிர் கட்டச் சொல்வதாகும். அதனால்தான் நியாயமான கூலியும், எளியோர் வாங்கத்தக்க வீடும் கேட்டுப் பெற வேண்டியவையாகின்றன. தனித்தனியே நின்றவர்களைப் பத்துப் பத்து வெள்ளியால் சேர்த்து நிலம் வாங்கிக் காட்டிய வரலாறு நம்முடையது. அது பழங்கதையாகப் போய்விட வேண்டியதில்லை.

இன்று என் மகள் கண்ணாடி அணிந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். என் கடன் நான் திட்டமிட்டதைவிட இரண்டாண்டு பிந்தித்தான் தீரும்; ஆயினும் என் அறுபதாம் வயதுக்கு முன்னரே தீரும். அந்த இரண்டாண்டை நான் நட்டமாக எழுதவில்லை.