லாசரெட்டோ: தீவில் பிறந்த சொல்

ஆங்கிலத்தில் இன்று அரிதாகிவிட்ட ‘லாசரெட்டோ’, தொற்றுநோயாளரைத் தனியே வைத்த மருத்துவமனையைக் குறிக்கும். 1423இல் வெனிஸ் அரசு கொள்ளைநோயாளருக்காக ஒரு சிறு தீவில் நிலையான மருத்துவமனை அமைத்தது. அங்கிருந்த நசரேத் மாதா கோயிலின் பெயரே தீவுக்கும் வழங்கியது. விவிலிய உவமையில், உடலெங்கும் புண்ணோடு செல்வந்தர் வாசலில் கிடந்த ஏழை லாசர், தொழுநோயாளரின் காவலராக வணங்கப்பட்டவர். இரு பெயர்களும் மக்கள் நாவில் கலந்து இச்சொல் பிறந்தது என்பர். துயருற்றவரின் பெயரையே அடைக்கலத்துக்குச் சூட்டிய பரிவு அதில் தங்கியிருக்கிறது.

1468இல், ஐயத்துக்குரிய கப்பல்களை நாற்பது நாள் நிறுத்திவைக்க, வெனிஸ் இன்னொரு தீவில் இரண்டாவது லாசரெட்டோவை நிறுவியது. ‘குவாரன்டைன்’ என்ற சொல் அந்த நாற்பது நாள் காத்திருப்பிலிருந்து வந்தது. அதற்கு முன்பே, 1377இல், ராகுசா நகரம் விதித்த காத்திருப்பு முப்பது நாள்தான். பிற்காலத்தில் கப்பலின் பின்பகுதியிலுள்ள சாமான் அறைக்கும் லாசரெட்டோ என்றே பெயராயிற்று.