கணக்காளர் தகுதியும் நாட்டெல்லையும்: இந்திய–ஆஸ்திரேலிய ஏற்பு முறை குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

இந்தியாவில் சி.ஏ. முடித்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்பவர் அங்கே முழுமையாகத் தொழில் நடத்த மூன்று ஏற்புகளைப் பெற வேண்டும்: விசாவுக்கான திறன் மதிப்பீடு, தொழில்முறை அமைப்பின் உறுப்புரிமை, கையொப்பமிடும் சட்ட அதிகாரம். கணக்கியலில் இரு நாடுகளுக்கும் பொதுவாக உள்ள அறிவை மீண்டும் சோதிப்பதில் நியாயமில்லை. உள்நாட்டுச் சட்டத்தையும் வரியையும் மட்டுமே சோதிக்க வேண்டும். அதையும் கையொப்ப அதிகாரம் கோரும்போது சோதித்தால் போதும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பொதுவானதும் உள்நாட்டுக்குரியதும்

ஆஸ்திரேலியா 2005 முதல் பன்னாட்டு நிதி அறிக்கைத் தரங்களை (ஐஎஃப்ஆர்எஸ்) பின்பற்றுகிறது. அவற்றோடு பெரிதும் ஒத்த 'இண்ட் ஏஎஸ்' தரங்கள் 2016 ஏப்ரல் முதல் இந்தியாவின் பெரிய நிறுவனங்களுக்குப் படிப்படியாகக் கட்டாயமாயின. ஒரு நிறுவனம் ஐந்தாண்டுக் குத்தகைக்கு அலுவலகம் எடுக்கிறது என்று கொள்வோம். சென்னையில் அதற்குப் பொருந்துவது இண்ட் ஏஎஸ் 116, சிட்னியில் ஆஸ்திரேலியத் தரமான ஏஏஎஸ்பி 16. இரண்டுக்கும் மூலம் ஐஎஃப்ஆர்எஸ் 16. இரண்டு ஊர்களிலும் வருங்கால வாடகையைத் தற்போதைய மதிப்புக்குக் கணக்கிட்டு, பொறுப்புப் பக்கத்தில் குத்தகைக் கடனாகவும் சொத்துப் பக்கத்தில் பயன்பாட்டு உரிமையாகவும் காட்ட வேண்டும். சென்னையில் இதைச் செய்தவருக்குச் சிட்னியில் புதிதாகக் கற்க ஏதுமில்லை.

வரியில் நிலைமை வேறு. நிறுவனம் கட்டிய வரியை, ஈவுத்தொகை பெறும் பங்குதாரரின் கணக்கில் வரவாகக் கொள்ளும் முறை ஆஸ்திரேலியாவில் 1987 முதல் உண்டு. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்குப் பங்குதாரரே வரி செலுத்துகிறார். அவருக்கு அத்தகைய வரவு இல்லை. ஆஸ்திரேலிய ஜிஎஸ்டி 10 விழுக்காடு என்ற ஒரே வீதம். இந்திய ஜிஎஸ்டி பல அடுக்குகள் கொண்டது. இவற்றைத் தெரியாதவர் வாடிக்கையாளருக்கு வரி ஆலோசனை சொன்னால் இழப்பு வாடிக்கையாளருக்குத்தான்.

மூன்று ஏற்புகள்

கணக்காளர்களுக்கான திறன் மதிப்பீட்டை சிபிஏ ஆஸ்திரேலியா, ஆஸ்திரேலிய–நியூசிலாந்து பட்டயக் கணக்காளர் அமைப்பு, பொதுக் கணக்காளர் அமைப்பான ஐபிஏ ஆகிய மூன்றும் செய்கின்றன. அதில் தேறுவதால் உறுப்புரிமை கிடைத்துவிடாது. உறுப்புரிமைக்காக, முதல் இரண்டு அமைப்புகளோடும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ளது. உறுப்பினராகிவிட்டாலும் கட்டணம் பெற்று வரி முகவராகச் செயல்பட வரித்தொழிலர் வாரியத்திலும், நிறுவனத் தணிக்கைக்கு ஆஸ்திரேலியப் பத்திரங்கள்–முதலீட்டு ஆணையமான ஏஎஸ்ஐசியிலும் தனியே பதிய வேண்டும்.

வரித்தொழிலர் வாரியம் ஆஸ்திரேலிய வரிச் சட்டத்திலும் வணிகச் சட்டத்திலும் படிப்பையும், உரிய பணி அனுபவத்தையும் கேட்கிறது. வந்தவருக்கு எது தெரியாதோ அதைக் கேட்பதால் இதுவே சோதனைக்கு முன்மாதிரியாகத் தக்கது.

மறுப்பும் விடையும்

பொதுமக்களின் நலன் கருதியே கடுமையான சோதனை தேவை என்பர். 2009இல் வெளிப்பட்ட, இந்திய மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் கணக்கு மோசடி, தணிக்கையாளரின் கையொப்பத்தை எத்தனை முதலீட்டாளர்கள் நம்பியிருந்தார்கள் என்பதைக் காட்டியது. தவறு செய்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் அந்தந்த நாட்டின் ஒழுங்குமுறை அமைப்பிடம் இருந்தே ஆக வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் பதிவோடும் உரிமத்தோடும் சேர்ந்தது. குத்தகைக் கணக்கில் மறுதேர்வு வைப்பதால் அது ஒரு சிறிதும் வலுப்பெறுவதில்லை. உலக வர்த்தக அமைப்பு 1998 டிசம்பரில் கணக்கியல் துறைக்கென ஏற்ற விதிகளும், வெளிநாட்டில் பெற்ற தகுதியைக் கணக்கில் கொள்ள வேண்டும், கோரும் பணிக்குத் தொடர்புடைய பாடங்களோடு தேர்வு நிற்க வேண்டும் என்றே சொல்கின்றன.

அயல்நாட்டுத் தகுதியை மதிக்கும் கடமை இந்தியாவுக்கும் உண்டு. 1949ஆம் ஆண்டுப் பட்டயக் கணக்காளர் சட்டத்தின் 29ஆம் பிரிவு, இந்தியரைப் பாரபட்சமாக நடத்தும் நாட்டவருக்கு இங்கே உறுப்புரிமையை மறுக்கிறது. அயல்நாட்டுத் தகுதிகளை ஏற்பதற்கான நிபந்தனைகளை வகுக்கும் அதிகாரத்தையும் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் மன்றத்துக்குத் தருகிறது. நாம் வெளியே கேட்கும் நியாயத்தை இந்த இரண்டாவது அதிகாரத்தின்வழி உள்ளே வருவோருக்கும் வழங்க வேண்டும்.

முடிவுரை

திறன் மதிப்பீட்டுக்கும் உறுப்புரிமைக்கும் ஒரே சான்று ஆய்வு போதும். கையொப்ப அதிகாரத்துக்கான தேர்வு உள்நாட்டுச் சட்டத்தையும் வரியையும் தாண்டக் கூடாது. இந்திய–ஆஸ்திரேலியப் பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் அடுத்த கட்டப் பேச்சுகளில் இவ்விரு கோரிக்கைகளையும் முன்வைக்க இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் முன்வர வேண்டும்.